டிரெசர் முதல் உதவி மருத்துவ அதிகாரி வரை: ஜொகூரில் கைமாறி வந்த கலை

ஒரு மருத்துவமனையின் வரலாற்றை எழுதப் புகுந்தால் கட்டடம் எழுந்த ஆண்டு, திறந்து வைத்தவர், கட்டில்களின் எண்ணிக்கை, பதவியிலிருந்த மருத்துவர்களின் வரிசை ஆகியவை முதலில் வந்து நிற்கும். அவை வேண்டியவைதாம். ஆனால் ஜொகூர் மாநிலத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக, மருத்துவர் வந்து சேர்வதற்கு முன்பே நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்த்தவர்கள் வேறு சிலர். தோட்டத்து மக்கள் அவர்களை "டிரெசர் ஐயா" என்றார்கள். பிறகு "எச்.ஏ." (ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட்) என்றார்கள்; அதற்கும் பிறகு "எம்.ஏ." (மெடிக்கல் அசிஸ்டென்ட்) என்றார்கள். இன்று அரசாங்கப் பதவிப் பெயர் உதவி மருத்துவ அதிகாரி. பெயர் மூன்று முறை மாறியது; வேலையின் உயிர்நாடி மாறவில்லை. அந்த உயிர்நாடி எது, அது எப்படி ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு வந்தது என்பதைப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறந்த மருத்துவ உதவியாளர் ஒருவரைப் பாராட்டும்போது அவர் காப்பாற்றிய உயிர்களைச் சொல்கிறோம். அவர் உருவாக்கிய ஆட்களையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பாராட்டு நிறைவாகும்.

தோட்டத்து ஆஸ்பத்திரி

1909ஆம் ஆண்டு ஜொகூர் ரயில் பாதை முடிந்தது. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை காட்டை ஊடறுத்து வந்த அந்தப் பாதையின் இருபுறமும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. சிகாமாட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று ரயில் நின்ற ஊரெல்லாம் தமிழர் இறங்கிய ஊர். காட்டை அழித்த இடத்தில் தண்ணீர் தேங்கியது. தேங்கிய தண்ணீரில் கொசு பெருகியது. மலேரியா லயத்துக்கு லயம் ஆள்களைக் கொண்டுபோனது.

சிலாங்கூரில் கிள்ளான் மாவட்ட மருத்துவராக 1901இல் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டினார். அவருடைய முறைகள் தோட்டங்களுக்கும் பரவின. குழந்தைகளை வரிசையாக நிறுத்தி இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அவற்றில் ஒன்று. எத்தனை குழந்தைக்கு வீக்கம் என்ற கணக்கே அந்தத் தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்பதற்கான அளவுகோல். தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தரவேண்டியது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று தொழிலாளர் சட்டங்கள் வற்புறுத்தின. அப்படி எழுந்ததுதான் தோட்டத்து ஆஸ்பத்திரி. மருத்துவர் குறித்த நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாள்களெல்லாம் டிரெசரின் நாள்கள்.

விடியற்காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில் அவரும் நிற்பார். காய்ச்சல் காலத்தில் கொய்னா மருந்தை வாயில் ஊற்றி, விழுங்கினார்களா என்று பார்த்துத்தான் அனுப்புவார். அதன் கசப்புக்குப் பயந்து துப்பிவிடுகிறவர்கள் அதிகம். பிறகு வெளி நோயாளிகள் வருவார்கள். பால்வெட்டுக் கத்தி கீறிய கை, ஆறாத கால் புண், பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு, சொறி, பாம்புக்கடி என எல்லாம் அவர் மேசைக்குத்தான் வந்தன. மதியத்துக்கு மேல் லயங்களைச் சுற்றிப் பார்த்துக் கால்வாயில் அடைப்பு இருந்தால் கிராணியிடம் சொல்லித் திறக்கச் செய்ய வேண்டும். இரவில் கதவு தட்டப்பட்டால் பெரும்பாலும் பிரசவ வலி.

இவ்வளவு வேலைக்கு நடுவே அவர் எடுத்த முடிவுகளில் ஒன்றுதான் எல்லாவற்றிலும் கனமானது. எந்த நோயாளியை இங்கேயே வைத்துப் பார்ப்பது, யாரைத் தோட்டத்து லாரியில் ஏற்றிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது? மண் சாலையில் பல மைல் தூரம். அனுப்பாவிட்டால் உயிர் போகலாம். தேவையில்லாமல் அனுப்பினால் ஓர் ஆளின் நாள் கூலி போகும், துரையின் கோபமும் வரும். எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் கைக்கெட்டாத இடத்தில் கண், காது, விரல் நுனி இவற்றை மட்டும் நம்பி எடுக்கப்பட்ட முடிவு அது. அந்தக் கணிப்பைப் புத்தகத்திலிருந்து மட்டும் கற்க முடியாது. மூத்த டிரெசரின் பக்கத்தில் நின்று, அவர் எதைப் பார்க்கிறார், எதைக் கேட்கிறார், எப்போது பேச்சை நிறுத்திவிட்டு மூச்சை எண்ணுகிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் கற்க முடிந்தது. ஜொகூரில் இப்பணியின் முதல் வகுப்பறை மருந்து நெடி வீசும் அந்தத் தகரக் கூரைக் கட்டடம்தான்.

கற்பித்தலின் தமிழ் மரபு

மருத்துவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொடுக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டே மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். பின்னாளில் பாடத்தைத் தமிழிலேயே நடத்தினார். மாணவர்களின் துணையோடு நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவரிடம் பயின்றவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். ஒரு மருத்துவர் தாம் பார்த்த நோயாளிகளால் மட்டுமல்லாமல் தாம் உருவாக்கிய மாணவர்களாலும் நினைக்கப்படுவதற்குக் கிறீன் நல்ல சான்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் படித்த இளைஞர்கள் மலாயாவுக்கு வந்து ரயில்வே, எழுத்தர், மருத்துவத் துறை வேலைகளில் அமர்ந்தார்கள். தோட்டத்து டிரெசர்களிலும் தமிழர் ஏராளம். மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தொழிலாளியின் பேச்சுத் தமிழில் அச்சம் தராமல் எடுத்துச் சொன்னவர்கள் அவர்களே. தோட்டத்தில் கடிதம் எழுதித் தருபவராக, சண்டை தீர்ப்பவராக, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று கண்டிப்பவராக அவர்கள் இருந்ததற்கும் அதனால் பிறந்த நம்பிக்கைதான் காரணம்.

சட்டம் தந்த தகுதி

அனுபவத்தால் வளர்ந்த பணிக்குச் சட்டத்தின் அங்கீகாரம் மெல்ல வந்தது. தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1965இல் இயற்றப்பட்டது. மருத்துவ உதவியாளர்களுக்கான பதிவுச் சட்டம் 1977இல் வந்தது. பதிவு இல்லாதவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்றானபோது பணியின் மதிப்பு உயர்ந்தது, பொறுப்பும் கூடியது. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் மூன்று ஆண்டு டிப்ளோமா, அதன் மேல் அவசர சிகிச்சை, எலும்பு முறிவு, சிறுநீரகம், மனநலம் போன்ற துறைகளில் சிறப்புப் பயிற்சி என்று படிப்பும் விரிந்தது. நெடுங்காலம் ஆண்களே நிறைந்திருந்த இப்பணியில் இன்று பெண்களும் இருக்கிறார்கள்.

சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வளர்ந்த கிராமப்புறச் சுகாதாரத் திட்டம், தோட்டத்துக்கு வெளியேயும் இவர்களைக் கொண்டு சென்றது. மருத்துவர் தினமும் வர முடியாத சிறு சுகாதார நிலையங்களில் வெளி நோயாளிகளைப் பார்த்தது மருத்துவ உதவியாளரே. பல ஆண்டுகள் கழித்து, 2010 ஜனவரியில் நகர்ப்புற எளிய மக்களுக்காக ஒரு ரிங்கிட் கட்டணத்தில் கிளினிக் ஒரே மலேசியா நிலையங்கள் திறக்கப்பட்டபோதும் அவற்றை நடத்தும் பொறுப்பு உதவி மருத்துவ அதிகாரிகளிடமே ஒப்படைக்கப்பட்டது.

இதற்கிடையே தோட்டங்கள் மாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; நம் மக்கள் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங், கூலாய் எனப் பட்டணப் புறங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றின் பதிவேடுகள் பெரும்பாலும் காக்கப்படவில்லை. யார் எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆண்டு இருந்தார், யாரைப் பழக்கினார் என்ற விவரங்கள் அந்தக் கட்டடங்களோடு போய்விட்டன. இந்த வரலாற்றில் பெயர்கள் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அம்புலன்ஸுக்குள் ஒரு தலைமை

மேலை நாடுகளில் பாராமெடிக் என்று தனிப் பணி உண்டு. மலேசியாவில் அரசாங்க அம்புலன்ஸில் அந்த வேலையைச் செய்பவர் பெரும்பாலும் உதவி மருத்துவ அதிகாரி. 999 என்ற ஒரே எண்ணில் எல்லா அவசர அழைப்புகளையும் இணைக்கும் ஏற்பாடு 2007இல் தொடங்கியது. அழைப்பு வந்ததும் புறப்படும் அந்த வண்டிக்குள் மருத்துவர் இருப்பது அரிது. ஓட்டுநரும் உதவி மருத்துவ அதிகாரியும்தான் அங்கே எல்லாம்.

இதயம் நின்று விழுந்தவருக்கு நெஞ்சழுத்தமும் மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுவதும் மேலெழ விட வேண்டும். இரண்டு நிமிடத்தில் எவருக்கும் கை தளரும். ஆள் மாற வேண்டிய கணத்தை அறிந்து, குரலை உயர்த்தாமல் "மாறு" என்று சொல்பவர்தான் அங்கே தலைவர். அழுகிற குடும்பம், கூடி நிற்கும் அண்டை வீட்டார், குறுகலான மாடிப்படி, ஏறாத லிஃப்ட் இவையெல்லாவற்றுக்கும் நடுவே அந்த அமைதியைக் காப்பதும் ஒரு கலை. அன்று லாரியா, லயமா என்று முடிவெடுத்த டிரெசரின் கணிப்புதான் இன்று கருவிகளோடு அம்புலன்ஸில் பயணம் செய்கிறது.

ஜொகூரைச் சோதித்த நாள்கள்

இந்தப் பணியின் தரம் சாதாரண நாள்களில் கண்ணில் படாது. பேரிடர் வந்தால் தெரியும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளம் கோத்தா திங்கி, சிகாமாட், பத்து பகாட், மூவார் பகுதிகளை மூழ்கடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேறினர். நிவாரண மையமான பள்ளி மண்டபங்களில் இன்சுலின் தீர்ந்தவர்களையும் காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளையும் சுகாதாரப் பணியாளர்கள் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

2016 அக்டோபர் 25. ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் காலை வேளையில் தீ மூண்டது. நகர முடியாத, மூச்சுக் கருவியை நம்பிக் கிடந்த நோயாளிகளை ஊழியர்கள் புகைக்குள் நுழைந்து வெளியே கொண்டுவந்தார்கள். ஆறு நோயாளிகள் உயிரிழந்தனர். இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 24 அதிகாலை, பாகோ அருகே நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து 14 பேர் இறந்தனர்.

2019 மார்ச் 7ஆம் நாள் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி, வாந்தியெடுத்து விழுந்தார்கள். ஒரு வாரத்துக்குள் வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூட நேர்ந்தது. பாசிர் கூடாங் உள்விளையாட்டரங்கமே சிகிச்சை மையமாயிற்று. அங்கே வந்து குவிந்தவர்களில் யார் சிவப்பு (உடனடி), யார் மஞ்சள் (சற்றுக் காத்திருக்கலாம்), யார் பச்சை (லேசானது) என்று நிமிடத்துக்குள் பிரிக்க வேண்டும். அழுது கத்துகிற பிள்ளையைவிடச் சத்தமில்லாமல் சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கே ஆபத்து அதிகம் இருக்கலாம் என்பதைப் பயிலாத கண் உணராது. முதல்முறையாக அப்படிப் பிரிக்கும் இளைஞருக்குப் பின்னால் ஒரு மூத்தவர் நிற்பதன் அருமை அந்த இடத்தில்தான் விளங்கும்.

இந்தப் பிரித்தறியும் முறைக்கு வழிகாட்டியவர் நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் ஜான் லாரே. படைப்பதவியையும் நாட்டையும் பார்க்காமல் காயத்தின் கடுமையை மட்டும் பார்த்துச் சிகிச்சை தர வேண்டும் என்றவர் அவர்; போர்க்களத்துக்கே விரைந்து போகும் குதிரை வண்டி அம்புலன்ஸையும் அமைத்தார். அவர் பிறந்த ஜூலை 8ஆம் நாள், 2022 முதல் அனைத்துலகப் பாராமெடிக் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

பிறகு கோவிட் வந்தது. 2020 ஜனவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட நாட்டின் முதல் மூன்று தொற்றாளர்களும் ஜொகூரில் கண்டறியப்பட்டவர்கள். மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. அதே மாதம் 27ஆம் தேதி, சிம்பாங் ரெங்கத்தின் டத்தோ இப்ராஹிம் மஜிட் பகுதியில் நாட்டின் முதல் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. தம்போயிலுள்ள பெர்மாய் மனநல மருத்துவமனை கோவிட் நோயாளிகளை ஏற்றது. பாதுகாப்பு உடையை எந்த வரிசையில் போடுவது என்பதைவிட எந்த வரிசையில் கழற்றுவது என்பதில்தான் உயிர் இருந்தது. ஒருவர் கழற்றும்போது இன்னொருவர் எதிரே நின்று பார்த்து, கையுறை முகத்துக்கு அருகே போனால் நிறுத்த வேண்டும். சக ஊழியரின் உயிரைத் தன் கண்ணில் வைத்துக் காக்கும் பழக்கம் அது.

நல்ல மூத்தவர் என்ன செய்கிறார்?

இத்தனை சோதனைகளையும் இந்தப் பணி தாங்கியது எப்படி? ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் நடக்கும் சிறிய வேலையில் விடை இருக்கிறது. பொறுப்பை ஏற்கும் நல்ல மூத்தவர் முதலில் வண்டிக்குள் ஏறுவார். ஆக்சிஜன் உருளையின் அளவைப் பார்ப்பார். உறிஞ்சு கருவியை இயக்கி விரலில் வைத்து இழுவையைச் சோதிப்பார். தொண்டைக்குள் பார்க்கும் கருவியின் விளக்கு எரிகிறதா, மின் அதிர்ச்சிக் கருவியில் மின்கலம் இருக்கிறதா, மருந்துகளின் காலாவதித் தேதி தாண்டவில்லையே என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கும் புதியவரிடம் கண்ணை மூடிக்கொண்டு இன்ன பொருள் எந்த அறையில் இருக்கிறது என்று சொல்லச் சொல்வார். இருட்டில், மழையில், குலுங்கும் வண்டியில் கை தானாக அந்த அறைக்குப் போக வேண்டும் என்பதற்காக.

அழைப்பு முடிந்து திரும்பியபின் அவர் செய்வது இன்னும் முக்கியமானது. நடந்ததை ஒருமுறை திரும்பப் பேசுவார்: எது சரியாக நடந்தது, எங்கே நேரம் போனது, அடுத்த முறை என்ன செய்யலாம். தவறைக் கூட்டத்தில் சுட்டிக்காட்டி அவமானப்படுத்த மாட்டார். தவறை மறைக்கவும் விடமாட்டார். முதல்முறை ஒரு குழந்தையின் மரணத்தைப் பார்த்த இளைஞரைத் தனியே வீட்டுக்கு அனுப்பாமல் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார். அவர் விடுப்பில் இருக்கும் நாளிலும் வேலை அதே தரத்தில் நடக்கும். தலைமைக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1967இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃபிரீடம் ஹவுஸ் என்ற அம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வேலை கிடைக்காது என்று ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, மருத்துவர் பீட்டர் சாஃபர் வகுத்த பயிற்சியைத் தந்து, நாட்டின் முதல் தரமான பாராமெடிக்குகளாக ஆக்கினார்கள். மருத்துவர் நான்சி கரோலைன் அவர்களோடு வண்டியில் ஏறி, தெருவிலேயே கற்பித்தார். 1975இல் நகராட்சி அந்தச் சேவையை முடித்துவிட்டது. ஆனாலும் அந்த இளைஞர்களோடு பணியாற்றிய அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு கரோலைன் எழுதிய பாடநூல் உலகெங்கும் பாராமெடிக்குகளை உருவாக்கியது. சேவை மூடப்பட்டது, கற்பித்தல் நிலைத்தது. நம் தோட்டத்து ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும். கட்டடம் போனாலும் அங்கே பழகிய கண்ணும் கையும் குளுவாங், மூவார், ஜொகூர் பாரு மருத்துவமனைகளில் வேறு கைகளில் தொடர்ந்தன.

வாசகர்க்கு ஒரு வேண்டுகோள்

ஆண்டு விழாக்களில் நாம் பெரும்பாலும் பதவியைப் பாராட்டுகிறோம். இனி கற்பித்தலையும் பாராட்டுவோம். சிறந்த மருத்துவ உதவியாளருக்கு மாலை போடும் மேடையில் அவரைப் பழக்கிய மூத்தவரையும் அவர் பழக்கிய இளையவரையும் சேர்த்து நிறுத்துவோம். ஒரு பணியின் வரலாறு அப்போதுதான் முழுமையாகக் கண்ணுக்குத் தெரியும்.

எஸ்பிஎம் முடித்து அடுத்தது என்ன என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லுங்கள். மருத்துவர் ஆக முடியாதவர்கள் போகும் வழி என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தனக்கென்று சட்டமும் பயிற்சியும் மரபும் உள்ள தனிப் பணி இது. ஜொகூர்த் தமிழர்க்கு இதில் நெடுங்கால உரிமை உண்டு.

உங்கள் தாத்தாவோ தந்தையோ தாய்மாமனோ டிரெசராக, எச்.ஏ.வாக, எம்.ஏ.வாக இருந்தவரா? அவர் பெயர், வேலை செய்த தோட்டம் அல்லது மருத்துவமனை, ஆண்டுகள், யாரிடம் கற்றார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்ற ஐந்து விவரங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் அதன் பின்புறத்தில் பெயர்களைக் குறியுங்கள். அவற்றை உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியிடமோ சங்கத்திடமோ ஒப்படையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்துவிடுவோம். அடுத்த விழா மலரில் இந்தக் கட்டுரையின் இடத்தில் அவர்களுடைய பெயர்கள் அச்சேற வேண்டும்.